அம்மாவின் தொடையிடுக்கு வலி: முடக்குவாதம் இடுப்பு மூட்டுக்கும் வந்துவிட்டதா?

முலுண்ட் மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மும்பையில் முலுண்டில் இருக்கிறோம். என் அம்மாவுக்கு 57 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய இரு கைகளிலும் விரல்கள் கையோடு சேரும் கணுக்களும் நடுக்கணுக்களும் வீங்கத் தொடங்கின. அதற்குச் சில மாதங்கள் முன்பே, கால் விரலில் மெட்டி இறுக்குகிறது என்று சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். எடை கூடிவிட்டது என்று நாங்கள் கேலி செய்தோம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடியாது. காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கித்தான் குடிப்பார். அப்போது முடக்குவாதம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை செய்தோம். நெகட்டிவ் என்று வந்ததால், மாதவிடாய் நின்ற வயதில் இதெல்லாம் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு, ஒருவரிடம் பொட்டலமாகக் கட்டித் தரும் மருந்தை வாங்கத் தொடங்கினோம். மூன்றே நாளில் வீக்கம் வடிந்தது. அதை ஏறத்தாழ பத்து மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறார்.

நான்கு மாதங்களாகப் புதிதாக ஒரு வலி. வலது முழங்கால் வலிக்கிறது என்றார். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் இல்லை. அடுத்த முறை அவரே மருத்துவரிடம் இந்தியில் ‘கமர்’ வலிக்கிறது என்று சொல்ல, முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று பெல்ட் போட்டு விட்டார்கள். பெல்ட்டால் எந்தப் பயனும் இல்லை. போன வாரம் வீட்டில் தனியாக உட்கார வைத்து, சரியாக எந்த இடம் என்று காட்டச் சொன்னேன். கூச்சத்தோடு வலது தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் கையை வைத்தார்.

வலது காலை இடது முழங்காலின் மேல் தூக்கிப் போட அவரால் முடியவில்லை. கால் நகத்தை நான்தான் வெட்டி விடுகிறேன். ரிக்‌ஷாவில் ஏறும்போது வலது தொடையைக் கையால் தூக்கி உள்ளே வைக்கிறார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, மூன்றாவது மாடி. படிக்குப் படி இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதனோடு சேர்த்துத்தான் ஏறுகிறார்.

இது முடக்குவாதம்தானா? கை விரல் நோய் இவ்வளவு பெரிய மூட்டுக்கு வருமா? யாரிடம் காட்ட வேண்டும்? அறுவை சிகிச்சை என்று சொல்லிவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார்.

மாட்டுங்கா மாமி எழுதியது:

மெட்டியைப் பற்றிப் படித்தவுடனே என் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. எனக்கும் கால் விரல்களில்தான் தொடங்கியது. நான் மருத்துவர் அல்ல. 16 ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு குடித்தனம் நடத்துகிறவள், ஆறு ஆண்டுகளுக்கு முன் வலது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கல். தமிழில் இடுப்பு என்றால் குடம் வைக்கிற இடம், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்கிற இடம், அல்லது முதுகின் அடிப்பகுதி. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல்கிற அந்த மூட்டுக்கு நம் பேச்சு வழக்கில் தனிப்பெயர் இல்லை. இந்தியில் அதற்குக் ‘கூல்ஹா’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் காய்கறிக்காரரிடமும் வேலைக்காரப் பெண்ணிடமும் பேசிப் பேசி நாம் கற்றுக்கொண்ட இந்தியில் அது வருவதில்லை, ‘கமர்’ மட்டும்தான் வரும். நானும் கமர், கமர் என்று சொல்லியே ஒன்றரை ஆண்டு முதுகுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நான் காட்டிய இடம் அது. அடுத்த முறை போகும்போது அம்மா எந்தப் பெயரும் சொல்ல வேண்டாம்; உங்களிடம் காட்டிய அதே மடிப்பில் கை வைத்துக் காட்டினால் போதும்.

அந்த மூட்டின் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடையிடுக்கில்தான் தெரியும். அங்கிருந்து தொடையின் முன்புறமாக முழங்கால் வரை இறங்கும்; சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரிவதும் உண்டு. அதனால் உங்கள் அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே நன்றாக இருந்ததில் வியப்பில்லை. விரல் வீங்கினால் ஊரே பார்க்கும். இடுப்பு மூட்டு தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால், உள்ளே நீர் கோத்துக்கொண்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து எழுந்தவுடன் முதல் நான்கைந்து அடி நொண்டுவது, பாவாடைக்குள் காலை நுழைக்கச் சுவரைப் பிடித்துக்கொள்வது, நகம் வெட்ட முடியாமல் போவது ஆகியவைதான் வெளியே தெரிகிற அடையாளங்கள்.

கை விரல் நோய் இவ்வளவு பெரிய மூட்டுக்கு வருமா என்று கேட்டீர்கள். வரும். ஆனால் தொடங்கும் இடம் அதுவாக இருப்பது குறைவு. கை, கால்களின் சிறு மூட்டுகளில் இரண்டு பக்கமும் ஒத்தாற்போல் தொடங்கி, அடங்காமல் விட்டால் ஆண்டுகள் கழித்துப் பெரிய மூட்டுகளுக்குப் போவதுதான் அதன் வழக்கம். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இந்த நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அந்தப் பரிசோதனையில் அகப்படுவதில்லை. இதே நோயைக் கண்டறிய ஆன்ட்டி சிசிபி என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதோடு உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டையும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத நோய்களுக்கான மருத்துவர்; எலும்பு மருத்துவர் அதற்கு அடுத்தபடி. பெரிய தனியார் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். செலவு தாங்காது என்றால் பரேலில் மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள், அம்மா உட்கார மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்.

அறுவை சிகிச்சைப் பயத்துக்கு என் கதையைச் சொல்கிறேன். எனக்கு மாத்திரையால் கை வீக்கம் நன்றாக அடங்கியிருந்தது. அடங்கிவிட்டதே என்று நானாகவே நிறுத்தினேன், இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில்தான் இடுப்பு மூட்டின் குருத்தெலும்பு போனது. கடைசியில் படுத்தாலும் வலி, புரண்டாலும் வலி என்று ஆனபோது மாற்றிக்கொண்டேன். அறுவைக்கு முன் கழுத்தையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்புக்கு அறுவை, கழுத்தில் என்ன என்று கேட்டேன். முடக்குவாதம் கழுத்தின் மேல் எலும்புகளைத் தளர்த்திவிடக்கூடும், மயக்க மருந்து கொடுக்கும்போது தலையை அசைப்பதில் கவனம் வேண்டும் என்றார்கள். மாற்றிய மூன்றாம் மாதம் ஆரியபவனுக்கு நடந்தே போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஆனால் மூட்டை மாற்றினால் மூட்டுதான் மாறும், நோய் மாறாது. மாத்திரையை இன்றும் சாப்பிடுகிறேன்.

டோம்பிவ்லி வாசகர் எழுதியது:

முடக்கத்தான் கீரையை அரைத்து தோசை மாவில் கலந்து வாரம் மூன்று முறை கொடுங்கள். பெயரிலேயே முடக்கை அறுத்தான் என்று இருக்கிறது. என் மாமியாருக்கு முழங்கால் வலி குறைந்தது. இங்கே கடையில் கிடைக்காது. விதை வேண்டுமானால் நான் தருகிறேன், தொட்டியிலேயே படரும்.

செம்பூர் பிசியோ எழுதியது:

தோசையை நானும் விரும்பிச் சாப்பிடுவேன், அதில் தடை ஒன்றும் இல்லை. ஆனால் டோம்பிவ்லி நண்பரின் மாமியாருக்கு இருந்தது வயதால் வரும் முழங்கால் தேய்மானமாக இருக்கலாம். முடக்குவாதம் வேறு நோய். உடலின் காவல்படையே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால், சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. கீரையால் அந்தத் தாக்குதலை நிறுத்த முடியாது.

நான் 20 ஆண்டுகளாக பிசியோதெரபி செய்கிறவன். மாமி எழுதியதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை, ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும், அது சற்று அவசரமானது. கேள்வி கேட்ட சகோதரி எழுதிய பத்து மாதப் பொட்டலத்தைத்தான் சொல்கிறேன். மூன்றே நாளில் வீக்கம் வடிய வைக்கும் பெயரில்லாத பொடியில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுத்தவருக்குப் புதிதாகத் தொடையிடுக்கில் வலி வந்தால், அது முடக்குவாதமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அந்த எலும்பே சிறிது சிறிதாகச் செத்துப்போகும் இன்னொரு நிலை உண்டு. தொடக்கத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். தலை நொறுங்கி உட்காருவதற்கு முன் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வழிகள் இருக்கின்றன. நொறுங்கிய பிறகு மாற்றுவதைத் தவிர வேறு வழி குறைவு. ஆகவே பொட்டலத்தைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தே போங்கள். திட்டுவார்களோ என்று பலரும் இதைத்தான் மறைக்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் வித்தியாசம் எப்படித் தெரியும் என்று நோயாளிகள் கேட்பதுண்டு. பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும், அது குருத்தெலும்பு இருக்கும் இடம். வயதுத் தேய்மானத்தில் அந்த இடைவெளி பெரும்பாலும் எடை விழும் மேல்பக்கம் குறையும், ஓரங்களில் எலும்பு முளை விட்டிருக்கும். முடக்குவாதத்தில் சுற்றிலும் ஒரே சீராகக் குறையும், எலும்பு முளை அதிகம் இராது, சுற்றியுள்ள எலும்பு வெளிறியிருக்கும். முற்றினால் பந்து கிண்ணத்தையே உள்ளே தள்ளிக்கொண்டு போகும். தொடையின் வெளிப்பக்கம், ஒருக்களித்துப் படுத்தால் அழுந்துமே, அந்த மேட்டில் மட்டும் வலித்தால் அது மூட்டாக இல்லாமல் தசைநாண் தொல்லையாக இருக்கலாம். நம் ஊரில் காசநோயும் இந்த மூட்டுக்கு வரும் என்பதால், பல மாதக் காய்ச்சல், எடை குறைவு இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒன்றை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது: திடீரென்று காலை அசைக்கவே முடியாத வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவதையும், தாழ்ந்த சோபாவையும், இந்திய முறைக் கழிப்பறையையும் விட்டுவிடட்டும். முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்து நிற்கும் நாற்காலி வேண்டும். மேற்கத்திய கோப்பையே தாழ்வாக இருந்தால் அதன் மேல் பொருத்தும் உயர இருக்கை மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கிறது. வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பார்கள். இதமாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். அதற்கு மாறாக, முடிந்தால் நாளுக்கு இரண்டு முறை பதினைந்து நிமிடம் குப்புறப் படுக்கட்டும். காலை விறைப்புக்கு வெந்நீர்க் குளியல் நல்லது. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்பதை உங்கள் அம்மா பாதி தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

முலுண்ட் மருந்தாளர் எழுதியது:

பிசியோ நண்பர் சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு: பொட்டலத்தைப் பற்றிப் படித்துப் பயந்துபோய் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்திருந்தால், பத்து மாதத்தில் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழும் நிலைகூட வரலாம். அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவரின் வேலை, அதனால் இந்த வாரமே போங்கள்.

முடக்குவாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எழுதித் தருவார்கள் என்று நினைக்கிறேன். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. என் கடைக்கு வருகிறவர்களிடம் இதை நான் மூன்று முறை சொல்லாமல் விடுவதில்லை, ஏனென்றால் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தான கதைகள் உண்டு. அட்டையின் மேல் கிழமையை மார்க்கரால் தமிழில் பெரிதாக எழுதிவிடுங்கள். கூடவே தரும் ஃபோலிக் அமிலமும் மஞ்சள் மாத்திரையாகவே இருக்கும் என்பதால், இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். தொடங்குவதற்கு முன்பும், பிறகு முறை தவறாமலும், ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனை வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரமே பொட்டலம் போல் கேட்கவில்லை என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். வலி மாத்திரையை நீங்களாகச் சேர்த்து வாங்க வேண்டாம், வயிறும் சிறுநீரகமும் கெடும்.

முலுண்ட் மகள் மீண்டும் எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். மாமி சொன்னபடி அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் கையை வைத்துக் காட்டினார். மருத்துவர் அவரைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினார். இடது காலில் எளிதாகப் போனது, வலது காலில் பாதி தூரம்கூடப் போகவில்லை, அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூட்டின் சுழற்சியில் முதலில் குறைவது இதுதான் என்றார் மருத்துவர். முதுகெலும்பை அவர் தொட்டுப் பார்த்ததோடு சரி.

ஆன்ட்டி சிசிபி மிக அதிகமாக வந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் வலது இடுப்பு மூட்டின் இடைவெளி சுற்றிலும் குறைந்திருக்கிறது. பொட்டலத்தைக் காட்டியதால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், எலும்பின் தலை சாகவில்லை, ஆனால் மூட்டுக்குள் நீரும் சவ்வு வீக்கமும் இருக்கின்றன. காசநோய்க்கும் மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கும் பரிசோதித்த பிறகே மெத்தோட்ரெக்சேட் தொடங்கினார்கள். அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்து, அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து வருகிறார்கள். அறுவை இப்போது தேவையில்லை, மூன்று மாதம் பார்த்து, அடங்காவிட்டால் அல்ட்ராசவுண்ட் உதவியோடு மூட்டுக்குள் ஓர் ஊசி போடலாம் என்றும், அப்போதும் போதாவிட்டால் அடுத்த நிலை மருந்துகளுக்குப் போகலாம் என்றும் சொன்னார்கள். நான் வீட்டில் இருக்கும் நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையை மாத்திரை நாளாக வைத்திருக்கிறோம். சாப்பிட்டவுடன் அம்மா தினசரி நாட்காட்டியில் அன்றைய தாளின் மூலையில் குங்குமப் பொட்டு வைத்துவிடுகிறார்.

காலை விறைப்பு அரை மணி நேரமாகக் குறைந்திருக்கிறது, அது ஸ்டீராய்டின் வேலையாகவே இருக்கலாம் என்று மருத்துவரே எச்சரித்தார். எனக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஊன்றுகோல் வாங்கினோம். வலிப்பது வலது கால் என்பதால் வலது கையில் பிடிக்கிறார். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டும் வலிக்கிறது, நடையும் சரியாக இல்லை. தவறு எங்கே?

செம்பூர் பிசியோ எழுதியது:

கையில். ஊன்றுகோல் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில், அதாவது அம்மாவுக்கு இடது கையில் இருக்க வேண்டும். வலது காலும் கோலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில், உடல் சாயாமல் இருக்க இடுப்புத் தசை இழுக்கும் இழுப்பையும் சேர்த்து, உடல் எடையைப் போல் இரண்டரை மூன்று மடங்கு அந்த மூட்டின் மேல் விழுகிறது. எதிர்க்கையில் கோல் இருந்தால் தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை. நேராக நிற்கும்போது கோலின் கைப்பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வரும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு இரண்டு கைகளிலும் நோய் இருப்பதால், வளைந்த பிடியுள்ள சாதாரண கோல் இடது கையையும் நோகடிக்கும். முன்கை முழுவதையும் ஒரு தொட்டிலில் வைத்து அழுத்தும் வகை ஊன்றுகோல் இருக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள். அது கிடைக்கும் வரை, இருக்கிற கோலின் பிடியில் பழைய துண்டைத் தடிமனாகச் சுற்றி, மேலே சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டிவிடுங்கள். மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பதில்தான் விரல் கணுக்கள் வலிக்கும்.